அறையைக் கேட்டு டிவி வாங்குவோம்

தூர்தர்ஷனைத் தவிர வேறு சேனல் இல்லாத காலத்தில் மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்து மொட்டைமாடிகளில் நின்ற ஆன்டெனாக்கள் பலவும் கொடைக்கானல் இருந்த திசையைத்தான் பார்த்தன. மலைமேல் இருந்த ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து படம் கீழே இறங்கிவந்தது. இன்று நிலைமை தலைகீழ். நல்ல டிவி ஒன்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் கொடைக்கானல்காரர் வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இறங்கிப் போகிறார். பெட்டி மலையேறி வருகிறது. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. கடை என்பது கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் நிறைந்த பெரிய கூடம். மலைவீட்டு அறையோ சிறியது. குளிருக்காக ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பார்கள். மூடுபனி இறங்கினால் பகலிலேயே அரையிருட்டு. கடையில் பளிச்சென்று தெரிந்த டிவி இங்கேயும் நன்றாகத் தெரியும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. சினிமாவும் வீடியோ கேமும் இரண்டுமே வேண்டும், பணமும் அளவாகத்தான் இருக்கிறது என்பவர்கள் கடையில் கண்டதை வைத்து முடிவெடுக்காமல், தங்கள் அறைக்கு எது தேவையோ அதற்கு மட்டும் பணம் கொடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அளவு. திரை நம் பார்வையில் ஏறத்தாழ 30 பாகை அகலத்தை அடைத்துக்கொண்டால் படத்துக்குள் இருக்கும் உணர்வு கிடைக்கும் என்பது திரைப்படத் தொழில்நுட்பத் துறையில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் கணக்கு. 43 அங்குல டிவியின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். அதற்கு இந்தக் கணக்குப்படி ஆறடி தள்ளி உட்கார வேண்டும். 50 அங்குலத்துக்கு ஏழடிக்குச் சற்றுக் குறைவு, 55 அங்குலத்துக்கு ஏழரை அடி. பத்தடிக்குப் பத்தடி அறையில் டிவி மேசைக்கும் நாற்காலிக்கும் இடம் விட்டால் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே மிஞ்சுவது ஆறிலிருந்து ஏழடிதான். ஆக, அந்த அறைக்கு 43 அல்லது 50 அங்குலமே பொருத்தம். 32 அங்குலத்திலிருந்து 43-க்குப் போனால் திரையின் பரப்பு 80 சதவீதம் கூடுகிறது. முன்பு இந்தத் தாவலுக்கு வரியும் ஒரு தடையாக இருந்தது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததால் அந்தத் தடை நீங்கிவிட்டது. வரிக்கு முன் 25,000 ரூபாய் விலையுள்ள டிவி முன்பு 32,000-க்கு வந்தது, இப்போது 29,500-க்கு வரும். மிச்சமாகும் 2,500 ரூபாயை என்ன செய்யலாம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்து, அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 4கே. சாதாரணக் கண்பார்வையின் நுட்பத்தை வைத்துக் கணக்கிட்டால், 43 அங்குலத் திரையில் ஃபுல் எச்.டி. படத்தின் புள்ளிகள் ஐந்தரை அடிக்கு அப்பால் தனித்தனியாகத் தெரிவதில்லை. 4கே-யின் முழு நுணுக்கத்தையும் காண வேண்டுமென்றால் மூன்றடிக்குள் நெருங்கி உட்கார வேண்டும். இன்று இந்த அளவில் 4கே பரவலாகக் கிடைப்பதால் அதை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அதைத் தரத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 4கே படத்தை இணையம் வழியாகப் பார்க்க நொடிக்கு 15 மெகாபிட் வேகம் தேவை என்கிறது நெட்ஃபிளிக்ஸ், ஃபுல் எச்.டி.க்கு 5 போதும். இணைய வேகம் சீராக இல்லாத வீட்டில் 4கே டிவியும் பெரும்பாலான நேரம் ஃபுல் எச்.டி. படத்தைத்தான் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருக்கும். எச்.டி.ஆர். முத்திரையும் இப்படித்தான். அந்த வகைப் படத்தை டிவி ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அத்தகைய படங்கள் பெரும்பாலும் 1,000 நிட் (திரை ஒளியின் அலகு) உச்ச ஒளிக்காகத் தயாராகின்றன; குறைந்த விலை டிவிகள் பலவற்றின் ஒளி 300 நிட் அளவிலேயே நின்றுவிடுகிறது.

அப்படியானால் பணத்தை எதில் போடுவது? கருமையில். இருட்டான அறையில் கண்ணின் பாவை விரிகிறது. கருப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பலாகத் தெரிந்தால் அந்தக் குறை உடனே உறுத்தும். வெளிச்சமான கடையில் அது கண்ணில் படாது. எல்.சி.டி. பேனல்களில் இரண்டு வகை பரவலாக உள்ளன. ஐ.பி.எஸ். பேனலில் வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள ஒளி விகிதம் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று. வி.ஏ. பேனலில் அது மூவாயிரத்துக்கு ஒன்று, சிலவற்றில் இன்னும் அதிகம். இரவுக் காட்சிகள் நிறைந்த படத்துக்கும், இருண்ட குகைகளில் எதிரியைத் தேடும் கேமுக்கும் இந்த மூன்று மடங்கு வித்தியாசம் வேறெந்த முத்திரையையும்விட அதிகம் பயன்படும். மூடுபனி ஊரில் ஜன்னல் வெளிச்சத்தோடு போட்டிபோடும் அளவுக்கு ஒளி தேவைப்படும் நாட்கள் குறைவு என்பதால், வி.ஏ. பக்கமே நியாயம் சாய்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. வி.ஏ. பேனலைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். சின்ன அறையில் குடும்பமே மூன்று சுவர்களை ஒட்டி உட்கார்ந்து பார்க்கும்போது ஓரத்தில் இருப்பவருக்கு நட்டம்தான். அப்படிப் பார்ப்பதே வழக்கமான வீட்டுக்கு ஐ.பி.எஸ். தான் சரி, கருமையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒருவரோ இருவரோ நேர் எதிரே உட்கார்ந்து கேம் ஆடி, படம் பார்க்கும் வீட்டுக்கு வி.ஏ. தான் ஏற்றது. எந்த வகைப் பேனல் என்று நிறுவனங்கள் பெரும்பாலும் பெட்டியில் எழுதுவதில்லை. ஒரே வரிசை மாடலில்கூட 43 அங்குலத்தில் ஒரு வகையும் 55-இல் வேறு வகையும் இருக்கக்கூடும். எனவே இரவுக் காட்சி ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துப்போய், வாங்கப்போகும் அதே அளவு டிவியில் ஓடவிட்டு, நேரேயும் பக்கவாட்டிலும் நின்று பார்க்க வேண்டும். பக்கத்தில் நின்றால் நிறம் வெளுக்கிறதா, நேரே நின்றாலே கருப்பு சாம்பலாக இருக்கிறதா என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

கேமுக்கு இன்னொரு அளவுகோல் இருக்கிறது: பட்டனை அழுத்தியதற்கும் திரையில் அது தெரிவதற்கும் இடைப்பட்ட தாமதம். நொடிக்கு 60 சட்டகம் ஓடும் கேமில் ஒரு சட்டகத்தின் ஆயுள் சுமார் 17 மில்லிநொடி. டிவி படத்தை மெருகேற்றிக் காட்ட எடுத்துக்கொள்ளும் நேரம் 50 மில்லிநொடியானால் ஆட்டக்காரர் மூன்று சட்டகம் பின்தங்கியே ஆடுகிறார். கேம் மோடு இந்த மெருகேற்றலை நிறுத்தித் தாமதத்தைக் குறைக்கிறது. பல டிவிகளில் அது 20 மில்லிநொடிக்குக் கீழே வந்துவிடும். கன்சோலை இயக்கியதும் டிவி தானாகவே கேம் மோடுக்கு மாறும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. "எதிர்காலத்துக்கு உதவுமே, நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் டிவியே வாங்கிவிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கும் பயன் இருக்கிறது: நொடிக்கு 24 சட்டகமாக எடுக்கப்படும் சினிமா 120-இல் மிச்சமின்றி வகுபடும், 60-இல் வகுபடாது, அதனால் 60 ஹெர்ட்ஸில் கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் சிறு திணறல் தெரியலாம். ஆனாலும் கன்சோல் கேம்களில் மிகப் பெரும்பாலானவை 30 அல்லது 60 சட்டகத்தில்தான் ஓடுகின்றன. அளவான பட்ஜெட்டில் 120 ஹெர்ட்ஸைத் துரத்தினால் கருமையையோ ஒலியையோ பலிகொடுக்க வேண்டிவரும். மெல்லிய டிவியின் பின்புறம் பார்த்த ஸ்பீக்கர், தகரக் கூரையில் மழை கொட்டும்போது வசனத்தைக் காதுக்குக் கொண்டுவராது. வரியில் மிச்சமான 2,500 ரூபாயைச் சிறிய சவுண்ட்பாருக்கான தொடக்கமாக வைத்துக்கொள்வதே மேல்.

மலைக்கென்றே சில கேள்விகளும் உள்ளன. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கண்ணாடிக் கூடுகளுக்குள் வாயுவை அடைத்துச் செய்த பழைய பிளாஸ்மா டிவிகள் இத்தகைய உயரத்தில் ரீங்காரமிடுவது உண்டு. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தாலும் அவை இந்த ஊருக்கு வேண்டாம். எல்.சி.டி.க்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கடுங்குளிரில் அதன் திரவப் படிகம் கெட்டிப்பட்டு மெதுவாக அசையும் என்பதால், மார்கழி இரவில் திரை சூடேறும்வரை வேகமான காட்சிகள் சற்று இழுபடலாம். இருட்டான காட்சிகளில் ஏற்கெனவே சற்று மெதுவான வி.ஏ. பேனலில் இது கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். குளிரில் வந்த பெட்டியை இளஞ்சூடான அறையில் திறந்த உடனே மின்சாரம் கொடுத்தால், உள்ளே வேர்க்கும் ஈரம் சர்க்யூட்டைக் கெடுக்கக்கூடும். அறை வெப்பத்துக்கு வரும்வரை சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஈரம் ஊறும் வெளிச்சுவரோடு ஒட்டி மாட்டாமல் பின்னால் காற்றோட்டம் விடவேண்டும். இன்றைய டிவிகள் பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குவதால் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைவிட மின்னலே பெரிய பகை. இடி இடிக்கும்போது மின் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது; டி.டி.எச். கேபிள் வழியாகவும் மின்னல் வரும், அதையும் கழற்ற வேண்டும்.

இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய் குறைகிறதே என்ற மறுப்பு கடைசியாக மிஞ்சுகிறது. குறைவது உண்மைதான். ஆனால் டிவி பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு மலையிறங்க முடியாது, மெக்கானிக்தான் ஏறி வரவேண்டும். கொடைக்கானலுக்கு வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா, பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் வருவார்களா, பேனலுக்கு எத்தனை ஆண்டு வாரன்டி என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைக்காத இரண்டாயிரம் ரூபாய் லாபம், முதல் பழுதிலேயே கரைந்துவிடும். ஆகவே மலையிறங்கும் முன் ஒரு துண்டுத் தாளில் மூன்றே குறிப்புகளை எழுதிக்கொண்டால் போதும்: நாற்காலியிலிருந்து சுவருக்கு எத்தனை அடி, நேரெதிரே உட்கார்பவர் எத்தனை பேர், இரவில் எந்த விளக்கு எரியும். கடைக்காரர் எத்தனை முத்திரைகளைக் காட்டினாலும், அந்தத் தாளில் உள்ளதற்குப் பொருந்தும் டிவிதான் அந்த வீட்டுக்கு நல்ல டிவி.