கடல் தோண்டும் கல்லறை

ஸ்காட்லாந்தின் வடமுனையைக் கடந்தால் ஆர்க்னி என்னும் தீவுக்கூட்டம் வருகிறது. அத்தீவுகளில் ஒன்று ரௌஸே. ஜனத்தொகை சில நூறு, மரங்கள் அபூர்வம், காற்றுக்கு மாத்திரம் குறைவில்லை. ஆயினும் இந்தச் சிறு தீவில், இரும்பும் செம்பும் அறியாத புதிய கற்கால மக்கள் எழுப்பிய கல்லறைகள் 15க்குக் குறையாமல் இருக்கின்றன. 'வடதிசை எகிப்து' என்று இத்தீவுக்கு ஒரு பட்டப்பெயர் வழங்குவதில் வியப்பில்லை.

அக்கல்லறைகள் எத்தன்மையன என்று அறிய விரும்புவோர் மேற்குக் கரையிலுள்ள மிட்ஹௌவைப் பார்த்தால் போதும். 1932-33ஆம் வருஷங்களில் அகழ்ந்து கண்ட அந்தக் கல்லறையின் உள்ளறை 23 மீட்டர் நீளமுள்ளது. பலகை போன்ற கற்களை இருபுறமும் நிறுத்தி, மாட்டுத் தொழுவத்தைத் தடுப்பதுபோல் தடுத்திருக்கிறார்கள். தனி ஒருவருக்கென்று கட்டிய சமாதியன்று அது; 25 பேருடைய எலும்புகள் அதில் கிடைத்தன. ஒரு குலத்தார் தம் மூதாதையரை ஒரே கூரையின் கீழ்க் குடிவைத்த வீடு என்றே சொல்லலாம். மழையும் காற்றும் அணுகாதபடி இப்போது அதன்மேல் ஒரு பெரிய கட்டடமே எழுப்பியிருக்கிறார்கள்.

அதே கரையோரமாகச் சிறிது தூரம் நடந்தால் ஸ்வாண்ட்ரோ என்னும் இடம் வருகிறது. இங்குள்ள கல்லறைக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. கரையில் உருண்டு கிடக்கும் பாறைக் கற்களுக்கு அடியில், வளைந்து செல்லும் பழைய சுவர்களைப் பிராட்போர்டு ஸர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் கண்டு, 2010ஆம் வருஷம் முதற்கொண்டு அங்கே அகழ்ந்து வந்தார்கள். சுவர்களை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்ததும் கடல்தான், கொண்டுபோய்க்கொண்டிருப்பதும் கடல்தான். அலை மேலே மோதி உடைப்பதோடு நிற்பதில்லை. கற்களின் இடுக்கில் நுழைந்து, அடியிலுள்ள மண்ணைச் சிறிது சிறிதாக உறிஞ்சி எடுத்துவிடுகிறது. பிறகு ஒரு குளிர்காலப் புயல் போதும்.

கல்லறை மட்டும் போவதாயிருந்தால் துயரம் ஒரு மட்டோடு நின்றிருக்கும். ஆனால் கட்டியவர்கள் மறைந்து நெடுங்காலத்திற்குப் பின்னும் அந்த மேட்டை மனிதர்கள் விடவில்லை. இரும்புக் காலத்தார் அதன் மேலும் அருகிலும் வட்ட வீடுகள் கட்டினர். அவர்களுக்குப் பின் பிக்டு என்னும் பூர்வ ஜாதியாருள் ஒரு கன்னான் அங்கே பட்டறை வைத்தான். தரையில் பாதி புதைந்த சிறு கட்டடம். படிகளில் இறங்கி, வளைந்த வழியாக உள்ளே போகவேண்டும். வெளிச்சம் குறைவாக இருந்தால்தானே காய்ந்த உலோகத்தின் நிறத்தைக் கண்டு பதம் அறியலாம்! அவனுடைய பட்டடைக் கல்லில் கரியேறிய தடங்கள் இருந்தன. அவை அவன் கைகளும் முழங்கால்களும் பதிந்த இடங்கள் என்று 2018இல் தெரியவந்தது. ஆயிரம் வருஷங்களுக்கு முற்பட்ட ஒரு தொழிலாளி மண்டியிட்டு வேலை செய்த அடையாளம்! அரசர்களின் கல்வெட்டுகள் எத்தனையோ உண்டு; இப்படி ஒன்று கிடைப்பது அரிது.

இதில்தான் ஆராய்ச்சியாளரின் சங்கடம் இருக்கிறது. அடியிலுள்ள கல்லறையை அடைய வேண்டுமானால் மேலேயுள்ள வீடுகளைப் பிரித்துத்தான் ஆகவேண்டும். தொடாமல் விட்டால் இரண்டையும் கடல் எடுத்துக்கொள்ளும். பிரிப்பவர்கள் ஒவ்வொரு கல்லையும் அளந்து, படம் பிடித்து, குறித்து வைக்கிறார்கள். கடல் எதையும் குறித்து வைப்பதில்லை.

சுவர் எழுப்பித் தடுக்கலாகாதா என்று நேயர்கள் கேட்கலாம். 1850ஆம் வருஷப் புயலில் வெளிப்பட்ட ஸ்காரா பிரே என்ற கற்கால ஊருக்கு, 1920களில் கடற்சுவர் கட்டத்தான் செய்தார்கள். அந்தச் சுவரின் இரு முனைகளிலும் அலை கரையை அரிப்பது கண்கூடு. மேலும் ஆர்க்னியில் ஏறக்குறைய 3,000 புராதன இடங்கள் உள்ளன. அவற்றில் பாதிக்காவது கடலால் ஆபத்து என்று கணிக்கிறார்கள். இத்தனைக்கும் சுவர் எழுப்பப் பணம் ஏது? கடல்மட்டமோ உயர்ந்துகொண்டே வருகிறது.

ஸ்வாண்ட்ரோவில் கோடையில் சில வாரங்கள்தான் வேலை நடந்தது. மற்ற மாதங்களெல்லாம் கடலின் முறை. கல்லறையின் கடற்புறச் சுவர்களில் ஒரு பகுதி, அங்கே மண்வெட்டி விழுவதற்கு முன்பே அலையோடு போய்விட்டது.