கடற்கரை இழுவண்டியும் திருகுப் பாரந்தூக்கியும்

புத்தளம் மாவட்டத்துக் கரையோரம் சிலாபம், உடப்பு முதலிய ஊர்களைத் தழுவி வடக்கே கற்பிட்டிக் குடாநாடு வரை மணற்பாங்காய் நீண்டு கிடப்பது. மீனும் உப்பும் தென்னையுமே இக்கரையோரத்தார் பலருக்குச் சீவனோபாயம். இம்மூன்று தொழிலுக்கும் பொதுவாயுள்ளது சுமை. உப்பு மூடைகளும் தேங்காய்க் குவியல்களும் படகுகளும் உழவு இயந்திரத்தின் பின்னே பூட்டிய இழுவண்டிகளில் ஏறியே இடம் பெயர்கின்றன. வண்டி இயந்திரத்தோடு பூட்டப்பட்டிருக்கும் வரை தொல்லையில்லை. கழற்றிய கணமே ஏர்க்காலின் பாரத்தை எதுவேனும் தாங்கியாதல் வேண்டும். மாட்டுவண்டிக்கு ஒரு முட்டுக்கட்டை போதுமாயிருந்தது. டன் கணக்கிற் சுமக்கும் இக்கால வண்டிக்கோ, மக்கள் ‘ஜக்’ என வழங்கும் திருகுப் பாரந்தூக்கி ஏர்க்காலிலேயே பொருத்தப்படுகின்றது. அதன் கைபிடியைச் சுழற்றிச் சுழற்றித் தோள் மூட்டு நோகப் பெற்றோர் இக்கரையிற் பலர். அந்நோவுக்குக் காரணம் சுமை மட்டுமன்று என்பதே ஈண்டு விளக்கப்படுவது.

திருகு என்பது கோலொன்றைச் சுற்றிய சாய்தளமேயாகும். முன்னேசுவரத்துத் தேர்த்திருவிழாவில் சில்லின் கீழ் மரக்கட்டை செருகுவோரைக் கண்டவர் ஆப்பின் ஆற்றலை அறிவர். அவ்வாப்பைக் கோலிற் சுருட்டினால் திருகு பிறக்கும். பண்டைய அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஈரோன் என்னும் அறிஞர் எளிய பொறிகளை ஐந்தென வகுத்தபோது ஆப்பையும் திருகையும் அவற்றுட் சேர்த்தெண்ணினார். ஒரு சுற்றுக்குச் சுமை புரியிடைத் தூரமளவே உயரும். கையோ பெரியதொரு வட்டத்தைச் சுற்றிவரும். சிறு விசை பெருஞ்சுமையை வெல்வது இவ்வாறே. ஆயினும் ஏட்டிலே காணும் அந்நயத்தின் பெரும்பகுதியை உராய்வு விழுங்கிவிடுகின்றது.

எவ்வளவு விழுங்குகின்றது என்பதைக் கணக்கிட்டு நோக்குதல் தகும். ஏர்க்காலில் அழுத்தும் சுமை 500 கிலோகிராம், திருகின் சராசரி விட்டம் 22 மில்லிமீற்றர், புரியிடைத் தூரம் 5 மில்லிமீற்றர், கைபிடியின் நீளம் 20 சென்ரிமீற்றர் எனக் கொள்க. உராய்வு அறவே இல்லையாயின் ஏறக்குறைய 2 கிலோகிராம் நிறையளவான விசையே போதும். நன்கு கிறீஸ் பூசிய திருகில் உராய்வுக் குணகம் 0.15 எனக் கொண்டால், புரியில் மட்டும் 12 நியூற்றன் மீற்றர் முறுக்கம் வேண்டப்படும். இதனோடு கதை முடியவில்லை. திருகின் தலை தாங்குதட்டின்மேல் அமர்ந்து சுழல்கின்றதன்றோ? அத்தட்டின் உராய்வு, சராசரி ஆரை 15 மில்லிமீற்றராயின், மேலும் 11 நியூற்றன் மீற்றர் கேட்கும். ஆக, கை கொடுக்கவேண்டிய விசை 12 கிலோகிராமளவு. திறன் 17 சதவீதம். புரியும் தட்டும் கறள் பிடித்துக் குணகம் 0.3 ஆகிவிடின் விசை 22 கிலோகிராமளவாய் உயரும்; திறன் 9 சதவீதமாய் வீழும்.

தட்டின் பங்கு திருகின் பங்குக்கு ஏறத்தாழச் சமமாயிருத்தல் கவனித்தற்குரியது. புரிக்கு மட்டும் எண்ணெயிட்டுத் தட்டை மறந்துவிடுதலே பெருவழக்கு. தட்டிருந்த இடத்தில், அச்சுவழிச் சுமை தாங்கும் குண்டுப்போதிகை ஒன்றை அமைத்தால் அந்த 11 நியூற்றன் மீற்றர் அநேகமாய் மறைந்துபோம்; கைவிசை 12 கிலோகிராமளவிலிருந்து 6 அளவுக்கு இறங்கும். சிறு செலவில் இத்துணைப் பயன் தரும் திருத்தம் வேறில்லை.

கைபிடியை நீட்டுவதும் கூம்புப் பற்சில்லுகளை இடையிடுவதும் வேறு வழிகள். இரண்டுக்கொன்று என்னும் விகிதத்திற் பற்சில்லு வைத்தால் விசை பாதியாகும். ஆனால் 20 சென்ரிமீற்றர் உயர்த்த 40 சுற்றுக்குப் பதிலாக 80 சுற்று வேண்டும். குழாய் செருகிக் கைபிடியை நீட்டுவோர், சுமை மிகைப்பட்டதைக் கை உணராமற்போவதையும், ஆணி முறியும் அபாயத்தையும் எண்ணுவதில்லை.

உராய்வை அறவே ஒழித்தல் நன்றோ எனின், அன்று. இத்திருகிற் குணகம் 0.07 அளவுக்குக் கீழே இறங்கினால், கையெடுத்ததும் சுமை தானே இறங்கத் தலைப்படும். ஆகவே, புரியின் உராய்வே வண்டியைத் தாங்கி நிற்கும் காவல். போதிகையால் தட்டின் உராய்வை நீக்கலாம். புரியின் உராய்வை அளவோடு விட்டுவைத்தல் வேண்டும். இறக்கும்போது ஏற்றும்போதினும் குறைந்த விசையே தேவை. இறக்குதல் கடினமாயின் வெளிக்குழாய் நெளிந்துள்ளது அல்லது வண்டி சரிவில் நின்று குழாயைப் பக்கவாட்டில் நெருக்குகின்றது என்பது பொருள். அந்நிலையில் வலிந்து சுழற்றாது, சில்லுகளுக்குக் கட்டை வைத்து நிலையைச் சீர்செய்தலே முறை.

எல்லாவற்றிலும் மலிவான வழி பொறியிலன்று, சுமையேற்றுவதிலேயே உள்ளது. அச்சாணியிலிருந்து பாரந்தூக்கி 3 மீற்றர் முன்னே உள்ள ஒரு வண்டியில் 3000 கிலோகிராம் சுமை இருக்க, அதன் புவியீர்ப்பு மையம் அச்சாணிக்கு அரை மீற்றர் முன்னே நிற்பின் ஏர்க்காலில் 500 கிலோகிராம் அழுத்தும். மையத்தைக் கால் மீற்றர் பின்னே தள்ளினால் 250 கிலோகிராமே அழுத்தும். மிகுதியாய்ப் பின்தள்ளுதலும் கேடு: ஓடும்போது வண்டி ஆடும், கழற்றியதும் ஏர்க்கால் மேலெழுந்து முகத்திலடிக்கும். கழற்றி நிறுத்திய வண்டியில் முன்புற மூடைகளை முதலில் இறக்கினும் இதே விபத்து நேரும். பின்புறத்திற்கும் ஒரு முட்டுக் கொடுத்தபின்னரே மூடையிறக்குதல் தகும்.

மணல் மற்றொரு பகை. 10 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுர அடித்தகட்டில் 500 கிலோகிராம் நின்றால் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 5 கிலோகிராம் அழுத்தும். தளர்ந்த மணலில் அது வண்டியை உயர்த்தாது தானே புதையும். சுற்றிய சுற்றெல்லாம் மணலுக்கே இரையாம். 30 சென்ரிமீற்றர்ச் சதுரப் பனம்பலகையொன்றைக் கீழே இட்டால் அழுத்தம் ஒன்பதிலொன்றாகும்.

இனி உப்பு. பாலாவியிலும் புத்தளத்திலும் உப்பளங்களைச் சார்ந்து ஓடும் வண்டிகளின் இரும்பு விரைந்து அரிக்கப்படுதல் ஏன்? காற்றின் சார் ஈரப்பதன் 75 சதவீதமளவைத் தாண்டியதும் சோடியம் குளோரைட்டு ஈரத்தை ஈர்த்துக் கரைசலாகின்றது. உப்பளத்துக் கசப்பு நீரில் எஞ்சும் மகனீசியம் குளோரைட்டோ 33 சதவீதமளவிலேயே நீர்த்துவிடும். ஆகவே, மழையில்லாக் காலத்தும் இரவுதோறும் இரும்பின்மேல் மின்பகு நீர்ப்படலமொன்று கிடக்கின்றது. குளோரைட்டு அயன்கள் அரிப்பை விரைவுபடுத்துகின்றன. கறள் தான் தோன்றிய இரும்பைவிடப் பெருங்கனவளவு கொள்வதால் புரியிடைவெளி அடைபட்டுத் திருகு இறுகுகின்றது.

இதற்கு நன்னீரே முதன் மருந்து. கடற்கரையிலிருந்து மீண்டதும் பாரந்தூக்கியைக் கழுவி உலர்த்துதல் வேண்டும். பழைய கிறீஸின்மேற் புதியதைப் பூசுதல் பெருந்தவறு. மணல் கலந்த கிறீஸ் அரத்தூள்போல் புரியைத் தேய்க்கும். மண்ணெண்ணெயிற் கழுவி, பழையதை முற்றும் துடைத்தெடுத்து, நீரிற் கரையாத கல்சியம் வகைக் கிறீஸைப் புரியிலும் போதிகையிலும் இடுதல் நன்று. சோடியம் வகை நீரோடு கலந்து கழன்றுவிடும். வண்டி ஓடாதிருக்கும் நாட்களில் ஏர்க்காலை மரக்குற்றியில் நிறுத்தித் திருகை முழுதும் உள்ளிழுத்துவைப்பின், உப்பங்காற்றுப் படாது புரி குழாய்க்குள்ளேயே கிடக்கும்.