விளையாட்டும் மருந்தே

போரில் காயமுற்ற வீரனுக்கு உடற்புண் ஆறிய பின்னும் உள்ளப்புண் எளிதில் ஆறுவதில்லை. 'இனி எதற்கும் பயன்படேன்' என்னும் எண்ணமே அப்புண். அதற்கு விளையாட்டை மருந்தாக்கியவர் டாக்டர் லுட்விக் குட்மன். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு அடிபட்டோர்க்குச் சிகிச்சையளித்த அவர், 1948 ஜூலை 29 அன்று காயமுற்ற படையினர் 16 பேருக்குச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே வில்லெய்யும் போட்டி நடத்தினார்.

இந்தியாவில் இதற்குச் சான்றாக விளங்குபவர் முரளிகாந்த் பேட்கர். இராணுவத்தில் குத்துச்சண்டை வீரரான அவர், 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சிகிச்சையாகத் தொடங்கிய நீச்சல், 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் போட்டியில் அவருக்குத் தங்கம் ஈட்டித் தந்தது.

இழந்ததையே எண்ணிய மனத்தை எஞ்சியதை எண்ணச் செய்வது விளையாட்டு. பிறர் உதவியை ஏற்றுக் கிடந்தவரைத் தாமே செய்பவராக்கும் அதனை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளுதல் தகாது.