வேண்டாத வண்டிக்கு வந்த யோகம்

கோயமுத்தூர் ஜி.டி.நாயுடு 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்தச் சாலையில் மடத்துக்குளத்தில் இறங்கினால் கணியூர் பக்கந்தான். ஆகவே மோட்டார் என்பது இந்த வட்டாரத்துக்கு நூறு வருஷத்துப் பழக்கம். தோட்டத்து வீட்டுக்குப் பக்கத்தில் ஆசையாகக் கார் கொட்டகை போட்டவர்களும் உண்டு. கார் பழசானதும் அதே கொட்டகையில் கோழி அடைத்தவர்களும் உண்டு!

அப்படிக் கோழி அடைந்த காரையும் இன்று தேடிக்கொண்டு வருகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஊரே கொண்டாடிய காரைவிட, அந்த நாளில் ஒருவரும் சீந்தாத காருக்குத்தான் கிராக்கி.

ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சென்னைக் கார் அது. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-ல் வெளியிட்டது. இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டுதான் அதற்கு மூலம். உருவம் வரைந்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். ஒய்யாரமான வண்டி! முன்பக்கத்து மூடி, விளக்குகளும் மட்கார்டுகளுமாக முழுசாக முன்னால் சாய்ந்துவிடும். எஞ்சினைச் சுற்றி நின்று சாவகாசமாக வேலை பார்க்கலாம். முன் சக்கரங்கள் நன்றாக மடங்குவதால் சின்னச் சந்திலும் திருப்பிவிடலாம்.

ஆனால் நம் குடும்பங்களுக்கு ஒத்துவர வேண்டாமா? ஆரம்பத்து ஹெரால்டுக்கு இரண்டே கதவு. முன் ஸீட்டை மடக்கிவிட்டுத்தான் பின்னால் ஏற வேண்டும். கல்யாணத்துக்குப் புறப்பட்ட அப்பத்தா, பட்டுச் சேலையும் சீர்த்தட்டுமாக அந்த இடுக்கில் நுழைவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்! கம்பெனிக்காரர்கள் நாலு கதவு வைப்பதற்குள் 1960-களின் கடைசி வந்துவிட்டது. இங்கிலாந்திலேயே நாலு கதவு ஹெரால்டு கிடையாது. அது நம்மவர்கள் தாங்களே செய்துகொண்ட சௌகரியம்.

பின் சக்கரங்கள் இன்னொரு தலைவலி. ஒவ்வொன்றும் தனித்தனியே ஆடும் அமைப்பு. வளைவில் வேகமாகத் திரும்பினால் சக்கரம் உட்புறமாக மடங்கப் பார்க்கும். பட்டணத்து மெக்கானிக்கே யோசிக்கிற விஷயம். கிராமத்துப் பட்டறைக்காரர் என்ன செய்வார்? அம்பாஸடர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். கடைசியில் 1972-ல் கெஸல் என்று பெயர் மாற்றி, பின்னால் வழக்கமான ஒற்றை அச்சையே போட்டார்கள். 1977-ல் அதுவும் நின்றது. அதே கம்பெனி 1985-ல் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000 வெகுநாள் தாக்குப்பிடித்த பாடில்லை.

கம்பெனியும் போய், உதிரிச் சாமானும் கிடைக்காத காரை யார் வாங்குவார்கள்? பழைய இரும்புக் கடைக்காரர்தான். தராசில் நிறுத்துக் காசு கொடுத்தார். ஹெரால்டுகள் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கரைந்தன. மிஞ்சியது கொஞ்சம் என்பதால்தான் மிஞ்சியதற்கு இந்த மவுசு.

அமெரிக்காவிலும் இதே கூத்து நடந்தது. 1957-ல் ஃபோர்டு கம்பெனி தடபுடலாக வெளியிட்ட எட்ஸல் காரைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். முகப்பு, குதிரையின் கழுத்துப்பட்டை மாதிரி இருக்கிறதாம்! 1959-ல் மூட்டை கட்டிவிட்டார்கள். அதன் கடைசி வரிசையில், மேல்மூடியை மடக்கக்கூடிய கார் மொத்தம் 76-தான் செய்யப்பட்டது. அன்று விலைபோகாத அதற்காகத்தான் இன்று பணக்காரர்கள் போட்டி போடுகிறார்கள்.

பழசெல்லாம் பொன் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். அம்பாஸடர் பெயரை 2017-ல் பிரான்ஸின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது உண்மை. பெயருக்குத்தான் அந்த விலை. கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு அல்ல! 2014 வரை செய்த வண்டியாதலால் அதற்குப் பஞ்சமில்லை.

கார் விஷயம் ஆண்பிள்ளைகளின் பாடு என்று சகோதரிகள் இருந்துவிடக் கூடாது. பொங்கலுக்கு முன்னால் கொட்டகையை ஒழிக்கச் சொல்வது யார்? டிரங்குப் பெட்டிக் காகிதங்களை எடைக்குப் போடுவது யார்? ஆர்.சி. புத்தகம் உள்ள ஹெரால்டு, சொத்து. அது தொலைந்துபோனால் படாத பாடு படவேண்டும். கம்பெனிப் பெயர் பொறித்த தகடு, சக்கர மூடி, விளக்குக் கண்ணாடி இவற்றை ஈயம் பித்தளைக்காரரிடம் போடாமல் ஒரு சாக்கில் கட்டி வைப்பது புத்திசாலித்தனம். பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்கும் அவசரமும் வேண்டாம். லீவு நாளில் கோயமுத்தூர் போகிறவர்கள், நாயுடு குடும்பத்தார் 2015-ல் திறந்த ஜீடி கார் மியூசியத்தை அவிநாசி ரோட்டில் பார்க்கலாம். பழைய வண்டியை எப்படி வைத்துக் காப்பது என்று புரியும்.

சர்க்கார் 2021-ல் ஒரு விதி செய்தது. வயது 50 கடந்து, அடிச்சட்டம், உடல், எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாத காரை ‘விண்டேஜ்’ என்று பதிந்துகொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் ஓட்டலாம். அன்றாடம் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போக முடியாது! 1977-ல் கடைசியாக வந்த கெஸல்களுக்கு 2027-ல் ஐம்பது நிறைகிறது.