டிவியில் பென் டிரைவ் போட்டா 'ஃபார்மட் பண்ணவா?'ன்னு கேட்குதா... ஓகே அழுத்தும் முன் இதைப் படிங்க!

கல்யாண ஆல்பத்தோடு சிடி, டிவிடி கொடுத்த காலம் போய், இப்போது ஸ்டுடியோக்காரர்கள் கையில் கொடுப்பது பென் டிரைவ். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு என வீட்டு விசேஷம் மொத்தமும் அந்த விரல் நீளப் பொருளுக்குள் அடங்கிவிடுகிறது. அதை ஸ்மார்ட் டிவியில் செருகினால் சில வீடுகளில் படம் ஓடும். சில வீடுகளில் "இந்த டிரைவை ஃபார்மட் செய்யவும்" என்று ஒரு செய்தி வரும். ரிமோட்டில் அவசரமாக ஓகே அழுத்தினால், உள்ளே இருந்த கல்யாண வீடியோ காலி!

டிவி ஏன் இப்படிக் கேட்கிறது? கம்ப்யூட்டரில் ஓடும் வீடியோ டிவியில் ஏன் ஓடுவதில்லை? தெரியாமல் ஃபார்மட் செய்துவிட்டால் மீட்க முடியுமா? விரிவாகப் பார்ப்போம்.

இன்டர்நெட் காலத்திலும் பென் டிரைவ் ஏன்?

தேனி மாவட்டத்தில் மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, வருசநாடு எல்லாம் வைகை உற்பத்தியாகும் மலைகளை ஒட்டிய ஊர்கள். மலையடிவாரத்தில் எல்லா இடத்திலும் செல்போன் சிக்னல் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. நன்றாகக் கிடைக்கும் இடத்திலும், 20, 30 ஜிபி அளவுள்ள கல்யாண வீடியோவை டவுன்லோட் செய்ய ஒரு நாள் டேட்டா போதாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறைந்துவிடும். அதனால்தான் பெரிய வீடியோ என்றால் இன்றும் பென் டிரைவ்தான் கைகொடுக்கிறது.

நெட் இல்லாமலே வீடியோவைக் கொண்டு சேர்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, பிளஸ் 2 மாணவர்களின் விலையில்லா லேப்டாப்களில் வீடியோ பாடங்களைப் பள்ளியிலேயே ஏற்றித் தர அரசு ஏற்பாடு செய்தது. வீட்டில் நெட் இல்லாத மாணவரும் அந்தப் பாடத்தைப் பார்க்க முடிந்தது.

டிவிக்கு பென் டிரைவைப் 'படிக்க' தெரியாதா?

யுஎஸ்பி முதன்முதலில் வந்தது 1996 ஜனவரியில். அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் குஜராத்தில் பிறந்த அஜய் பட். பென் டிரைவ் விற்பனைக்கு வந்தது 2000-ல். அப்போது ஐபிஎம் விற்ற டிரைவின் கொள்ளளவு வெறும் 8 எம்பி!

செருகும் இடம் எல்லா கருவியிலும் ஒன்றுதான். ஆனால் உள்ளே தகவலை அடுக்கி வைக்கும் முறை ஒன்றல்ல. மளிகைக் கடையில் எந்தச் சாமான் எந்த அடுக்கில் இருக்கிறது என்று கணக்கு நோட்டில் எழுதி வைப்பது போல, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று பென் டிரைவும் ஒரு கணக்கு வைத்திருக்கும். இதற்குப் பெயர் ஃபைல் சிஸ்டம். கணக்கு எழுதிய முறை டிவிக்குப் புரியவில்லை என்றால், உள்ளே ஃபைல் பத்திரமாக இருந்தாலும் "டிரைவ் காலி" அல்லது "ஃபார்மட் செய்யவும்" என்றுதான் அது சொல்லும்.

வழக்கில் இருப்பவை 3 முறைகள்:

ஃபேட்32: 1996-ல் வந்தது. பழைய டிவி, கார் ஸ்டீரியோ, டிவிடி பிளேயர், செல்போன் என ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் புரியும். ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது.

என்டிஎஃப்எஸ்: 1993-ல் விண்டோஸ் என்டியுடன் வந்தது. பெரிய ஃபைலுக்குத் தடையில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டருக்கும் பல டிவிகளுக்கும் புரியும். ஆனால் பல செல்போன்களுக்குப் புரியாது. ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர் இதைப் படிக்க மட்டும் செய்யும்; புதிதாக எதையும் எழுதாது.

எக்ஸ்ஃபேட்: 2006-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. பென் டிரைவுக்காகவே உருவானது. பெரிய ஃபைலையும் தாங்கும், விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். ஆனால் இதன் முழு விவரத்தை மைக்ரோசாஃப்ட் 2019-ல்தான் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதற்கு முன் வந்த டிவிகளில் எக்ஸ்ஃபேட் புரியாதவை நிறைய உண்டு.

64 ஜிபி, 128 ஜிபி பென் டிரைவ்கள் பலவும் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் முறையில்தான் வருகின்றன. புது பென் டிரைவ் பழைய டிவியில் ஓடாமல், பழைய 8 ஜிபி டிரைவ் மட்டும் ஓடுவதற்கு இதுதான் காரணம். டிரைவ் பழுது என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

'இடம் இருக்கு, ஆனா ஃபைல் ஏற மாட்டேங்குது'

32 ஜிபி பென் டிரைவ் காலியாக இருக்கும். 6 ஜிபி வீடியோவை காப்பி செய்தால், "ஃபைல் மிகப் பெரியது" என்று கம்ப்யூட்டர் மறுக்கும். இது ஃபேட்32-ன் 4 ஜிபி வரம்பு. நொடிக்கு 8 மெகாபிட் வீதம் பதிவான ஃபுல் எச்டி வீடியோ, சுமார் 70 நிமிடத்திலேயே 4 ஜிபியைத் தொட்டுவிடும். 3 மணி நேர கல்யாண வீடியோ ஒரே ஃபைலாக இருந்தால் ஏறவே ஏறாது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வீட்டு டிவி பழையது என்றால், ஸ்டுடியோவில் ஆர்டர் கொடுக்கும்போதே "முகூர்த்தம் தனியா, ரிசப்ஷன் தனியா 4 ஜிபிக்குள்ள பிரிச்சுக் கொடுங்க" என்று கேட்டு வாங்கலாம்.

உண்மையான ஆபத்து எங்கே?

பென் டிரைவில் உள்ளதை டிவியில் பார்ப்பதால் அழியாது. அழிவது 2 இடங்களில்.

முதலாவது, ஆண்ட்ராய்டு டிவி. டிரைவைச் செருகியதும் சில மாடல்களில் "டிவைஸ் ஸ்டோரேஜாக அமைக்கவா?" என்ற கேள்வி வரும். இது 2015-ல் ஆண்ட்ராய்டு 6-உடன் வந்த வசதி. டிவியில் ஆப்களை வைக்க இடம் போதாதவர்களுக்கு இது பயன்படும். ஆனால் இதைத் தேர்வு செய்தால், டிரைவில் உள்ள அனைத்தையும் டிவி அழித்துவிட்டு, தனக்கு மட்டும் புரியும்படி பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு அந்த டிரைவ் கம்ப்யூட்டரில் ஓடாது, வேறு டிவியிலும் ஓடாது. வீடியோ பார்க்க மட்டும் செருகியவர்கள் 'பிரவுஸ்' அல்லது 'ரிமூவபிள் ஸ்டோரேஜ்' என்பதைத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

இரண்டாவது, ரெக்கார்டிங். சில டிவிகளிலும் டிடிஎச் செட்டாப் பாக்ஸ்களிலும் நிகழ்ச்சியைப் பென் டிரைவில் பதிவு செய்யலாம். அதற்கு முன் டிரைவை ஃபார்மட் செய்யச் சொல்லும். அப்படிப் பதிவான நிகழ்ச்சி பொதுவாக அந்த டிவியில் அல்லது அந்த பாக்ஸில் மட்டுமே ஓடும். அதற்குத் தனியாக ஒரு காலி டிரைவ் வைத்துக்கொள்வது நல்லது. கல்யாண வீடியோ இருக்கும் டிரைவை அந்த பாக்ஸ் பக்கமே கொண்டு போகாதீங்க.

இதே கேள்வியைக் கம்ப்யூட்டரும் கேட்கும். டிவி பூட்டிய டிரைவையோ, பாதியில் பிடுங்கிய டிரைவையோ விண்டோஸில் செருகினால், "பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று வரும். எங்கே வந்தாலும் பதில் ஒன்றுதான்: முதலில் 'கேன்சல்'. டிரைவைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்க. அங்கே ஃபைல் தெரிந்தால் உடனே ஒரு காப்பி எடுத்துவிடுங்க. ஃபார்மட் பற்றி அதன்பிறகு யோசிக்கலாம்.

படம் ஓடுது, சத்தம் வரல... ஏன்?

இதற்கும் ஃபார்மட்டுக்கும் தொடர்பில்லை. எம்பி4, எம்கேவி என்பவை வெறும் டப்பாதான். உள்ளே படம் ஒரு முறையிலும், ஒலி ஒரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்த முறை டிவிக்குத் தெரியவில்லை என்றால் படம் மட்டும் வரும், அல்லது சத்தம் மட்டும் வரும்.

டிடிஎஸ் ஒலி இதற்கு நல்ல உதாரணம். 2018 முதல் வந்த தன் டிவிகளில் இந்த ஒலி முறைக்கான ஆதரவை சாம்சங் நிறுத்திவிட்டது. அந்த ஃபைல் கம்ப்யூட்டரில் சத்தத்தோடு ஓடும், டிவியில் ஊமையாக ஓடும். அதேபோல 2013-ல் வந்த எச்.265 முறையில் சுருக்கிய படம், அதற்கு முந்தைய டிவிகளில் வராது.

ஆண்ட்ராய்டு டிவி என்றால் பிளே ஸ்டோரில் விஎல்சி பிளேயரை இலவசமாக ஏற்றிப் பார்க்கலாம். மற்ற டிவிக்கு, கம்ப்யூட்டரில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் மூலம் எம்பி4, எச்.264 படம், ஏஏசி ஒலி என்று மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலான டிவிகளில் ஓடும் கூட்டணி இதுதான். மாற்றிய பிறகு பழைய ஃபைலை அழிக்க வேண்டாம்.

ஹார்டு டிஸ்க் மட்டும் விட்டு விட்டு ஓடுகிறதா?

டிவியின் யுஎஸ்பி 2.0 போர்ட் தரவேண்டிய மின்சாரம் 500 மில்லிஆம்பியர். யுஎஸ்பி 3.0 என்றால் 900. பென் டிரைவுக்கு இது தாராளம். ஆனால் உள்ளே தட்டு சுழலும் ஹார்டு டிஸ்குக்குச் சில சமயம் போதாது. 'டிக் டிக்' என்று சத்தம் வந்து டிஸ்க் நின்று நின்று ஓடினால், உடனே கழற்றிவிட வேண்டும். டிவியில் 2 போர்ட் இருந்தால் யுஎஸ்பி 3.0 போர்ட்டில் போட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் தனி மின் இணைப்புள்ள யுஎஸ்பி ஹப் தேவைப்படும். சில டிவிகளில் 'சர்வீஸ்' என்று எழுதிய போர்ட் இருக்கும். அது மெக்கானிக்குக்கு. அதில் வீடியோ ஓடாது.

ஊர் சுற்றிவரும் வைரஸ்

ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், ஸ்டுடியோ என்று பல கம்ப்யூட்டர்களில் ஏறி இறங்கும் பென் டிரைவ், வைரஸையும் சேர்த்துச் சுமந்து வரும். 2010-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் வைரஸ், இன்டர்நெட் தொடர்பே இல்லாத ஈரான் அணுசக்தி மையத்தைத் தாக்க பரவிய வழிகளில் ஒன்று யுஎஸ்பி டிரைவ்தான். டிரைவைச் செருகியதும் ஃபைல் தானாக ஓடும் வசதியை 2011-ல் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் நிறுத்தியது.

நம்மூரில் அடிக்கடி பார்ப்பது ஷார்ட்கட் வைரஸ். போட்டோ ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறித் தெரியும். பெரும்பாலும் ஃபைல்கள் அழிந்திருக்காது, மறைத்து வைக்கப்பட்டிருக்கும். ஷார்ட்கட்டை கிளிக் செய்யக் கூடாது, ஃபார்மட்டும் செய்யக் கூடாது. ஆன்டிவைரஸ் மூலம் ஸ்கேன் செய்துவிட்டு, மறைந்த ஃபைல்களைக் காட்டும் செட்டிங்கை ஆன் செய்து வெளியே எடுக்கலாம்.

தெரியாமல் ஃபார்மட் செய்தாச்சு... இப்போ என்ன?

முதல் வேலை, டிரைவைக் கழற்றித் தனியாக வைப்பது. அதில் ஒரு பாட்டைக்கூட புதிதாக ஏற்றக் கூடாது.

விண்டோஸில் 'குயிக் ஃபார்மட்' செய்தால் கணக்கு நோட்டு மட்டும்தான் புதிதாகும். சாமான் அடுக்கிலேயே கிடக்கும். ஃபோட்டோரெக், ரெகுவா போன்ற இலவச மென்பொருள்கள் மூலம் பல ஃபைல்களை மீட்க வாய்ப்பு உண்டு. மீட்ட ஃபைலை அதே டிரைவில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமிக்க வேண்டும். ஆனால் முழு ஃபார்மட் செய்திருந்தாலோ, டிவி பூட்டி எழுதியிருந்தாலோ, மேலே புதிய வீடியோ ஏறியிருந்தாலோ மீட்பது மிகவும் கடினம்.

ஓடாத டிரைவை ஓட வைப்பது எப்படி?

1. பென் டிரைவில் உள்ள அனைத்தையும் கம்ப்யூட்டருக்கு காப்பி செய்யவும். காப்பி ஆனதை ஓட்டிப் பார்த்து உறுதி செய்யவும்.

2. டிவியின் கையேட்டில் எந்த ஃபைல் சிஸ்டம் ஓடும் என்று பார்க்கவும்.

3. கம்ப்யூட்டரில் டிரைவ் மீது ரைட் கிளிக் செய்து 'ஃபார்மட்' தேர்வு செய்யவும். ஃபைல்கள் 4 ஜிபிக்குள் என்றால் ஃபேட்32. அதற்கு மேல் என்றால் டிவிக்குப் புரியும் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பக்கத்தில் ஃபேட்32 வராது என்பதால், பழைய டிவிக்கு 32 ஜிபி டிரைவே வசதி.

4. ஒரு சின்ன வீடியோவை மட்டும் ஏற்றி டிவியில் ஓட்டிப் பார்க்கவும். ஓடினால் மற்றவற்றை ஏற்றவும்.

5. காப்பி முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுத்த பிறகே கழற்றவும்.

புது 64 ஜிபி டிரைவில் 59.6 ஜிபி மட்டும் காட்டினால் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கம்பெனி 1,000-ஆல் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1,024-ஆல் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் நம்ப முடியாத மலிவு விலையில் '2 டிபி பென் டிரைவ்' என்று வந்தால் உஷார். குறைந்த கொள்ளளவை அதிகமாகக் காட்டும் போலிகள் சந்தையில் உண்டு. அவற்றில் ஏற்றிய வீடியோ பாதிதான் இருக்கும்.

ஒரே ஒரு காப்பி போதாது

பென் டிரைவ் என்பது வீடியோவை எடுத்துச் செல்லும் பை. வாழ்நாள் முழுக்கப் பூட்டி வைக்கும் பீரோ அல்ல. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அப்படியே கிடந்தாலும் கெட்டுப் போகலாம், தொலைந்தும் போகலாம். தாத்தா, பாட்டியின் குரல் இருக்கும் வீடியோவை ஸ்டுடியோவில் மறுபடி எடுக்க முடியாது. அவர்களும் பழைய விசேஷங்களை எப்போதும் சேமித்து வைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

அதனால் டிரைவ் கைக்கு வந்த அன்றே லேப்டாப்பில் ஒரு காப்பி, ஹார்டு டிஸ்கில் ஒரு காப்பி போட்டு வையுங்க. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் இன்னொரு பென் டிரைவில் எடுத்து உறவினர் வீட்டில் கொடுத்து வைக்கலாம். 2 காப்பி இருந்தால், டிவியில் யாராவது தெரியாமல் ஓகே அழுத்தினாலும் கவலைப்படத் தேவையில்லை.