பீலிக்கரையிலும் ஒரு கதை

"ஒரு கதை சொல்லுங்கள்" என்று குழந்தை கேட்டவுடன், "ஒரே ஓர் ஊரிலே ஒரு ராஜா" என்று தொடங்குகிறோம். ராஜாவைக் கடந்து நமக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. கற்பனை வளம் இல்லையே என்று வருந்தும் பெற்றோரும் உளர். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போன்றதே இது. குழந்தைக் கதைக்கு வேண்டிய பொருள் நம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது.

நம் நாட்டு எழுத்தாளர் சிபில் வெத்தசிங்கவை நோக்குங்கள். காலிக்கு அருகே கிந்தோட்டையிற் பிறந்த இவ்வம்மையார், 1956 ஆம் ஆண்டில் 'குடைத் திருடன்' என்னும் படக்கதையைச் சிங்களத்தில் வெளியிட்டார். குடையையே அறியாத கிராமத்தான் ஒருவன் பட்டணத்தில் ஒரு குடை வாங்குகிறான். வீடு திரும்பும் வழியில் அது களவு போகிறது. மீண்டும் வாங்குகிறான், மீண்டும் களவு! இறுதியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளை இட்டுவைத்து, அவை சிந்திக் கிடந்த வழியே சென்று திருடனைக் கண்டுபிடிக்கிறான். திருடன் ஒரு குரங்கு! அரசனும் இல்லை, அரக்கனும் இல்லை. உள்ளது ஒரு குடைதான். அக்கதை பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. இங்கிலாந்தின் பீற்றர் முயல் கதையும், நோயுற்றிருந்த சிறுவன் ஒருவனுக்குப் பியற்றிக்ஸ் பொட்டர் 1893 இல் எழுதிய கடிதத்திலேதான் பிறந்தது.

பழகிய பொருள் ஒன்று, அதற்கு நேரும் இடையூறு ஒன்று, "பிறகு என்ன?" என்னும் கேள்வி ஒன்று. இம்மூன்றும் போதும்.

இந்தக் கண்கொண்டு பூனாகலையின் ஒரு காலைப் பொழுதைப் பாருங்கள். அம்மா இடுப்பிற் படங்கைக் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிப் பனிமூட்டத்திற் புறப்படுகிறாள். பிள்ளைக் காம்பராவின் வாயிலில் தம்பி அப்படங்கின் நுனியை விட மறுக்கிறான். இது ஒரு கதை. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்குள் ஒரு தவளை! அதன் நிறையை யார் பெயரில் எழுதுவது? இது மற்றொன்று. பீலிக்கரையில் வரிசையாக நிற்கும் குடங்கள் தமக்குள் சண்டையிட்டால்? இதுவும் ஒன்றே.

அச்சமும் கதைக்குப் பொருளாகும். 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. 2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலையிலும் மண்சரிவு வீடுகளை அழித்தது. அங்குள்ள பிள்ளைகளின் காதுகளில் இரவு மழை வேறு விதமாக ஒலிக்கும். "பயப்படாதே" என்ற ஒரு சொல்லால் அப்பயம் தீருமா? ஆட்டுக்குட்டியைத் தேடிச் சென்ற சிறுமியொருத்தி, ஊற்றுநீர் திடீரெனக் கலங்கியதையும், நிலம் வெடித்து மரங்கள் சாய்ந்திருந்ததையும் கண்டு, லயம் முழுவதையும் எழுப்பிக் காப்பாற்றியதாகக் கதை சொல்லுங்கள். குழந்தை துணிவும் பெறும். மண்சரிவின் அறிகுறிகளையும் மறவாது.

தான் படிக்கும் எந்தக் கதையிலும் தன் லயமும் தன் தாயும் வாராவிடின், கதை என்பது பிறர் வீட்டுப் பொருள் என்றே நம் பிள்ளை எண்ணி வளரும். அது சிறு குறையன்று.

மாணவர்களே! ஒரு பயிற்சிப் புத்தகத்தில், அன்றன்று கண்ட ஒன்றை இரண்டு வரிகளில் எழுதி வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அதை அப்பாயிக்கு வாசித்துக் காட்டுங்கள். வெற்றிலையை மடித்தபடியே அவர் "அப்புறம்?" என்று கேட்டாரானால், உங்கள் கதை பிறந்துவிட்டது என்று அறியுங்கள்.