ஒல்லி உடம்பு; இருதயத்தைச் சுற்றிக் கொழுப்பு!

மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் நெல்லைக்காரர் ஒருவர், ஊருக்கு டிக்கெட் எடுக்க எங்கள் கவுண்டருக்குத்தான் வருவார். இரண்டு சிறுநீரகமும் பழுது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு 3 நாள், தடவைக்கு 4 மணி நேரம் டயாலிசிஸ்.

கொடை விழாவுக்கு டிக்கெட் எடுக்க வந்தவர் முகத்தில் களை இல்லை.

"இருதயத்தைச் சுத்திக் கொழுப்பு இருக்காம் அண்ணாச்சி. என்னைப் பாருங்க, எலும்பும் தோலும்தான். இதுல கொழுப்பு எங்கே இருந்து வந்துச்சு?" என்றார்.

நியாயமான கேள்வி. சிறுநீரக டாக்டர் ஒருவரிடம் போய்க் கேட்டேன்.

தொப்பையில் தெரியும் கொழுப்பு வேறு, இது வேறு. இருதயத்தை மூடியிருக்கும் உறைக்கு உள்ளே, தசையை ஒட்டி இது படர்கிறது. எல்லாருக்கும் கொஞ்சம் உண்டு. இருதயத்துக்கு மெத்தை போலவும் உதவுகிறது. அளவு மிஞ்சினால்தான் வம்பு.

இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இந்தக் கொழுப்பின் ஊடேதான் ஓடுகின்றன. நடுவே தடுப்புச் சவ்வு கிடையாது. கொழுப்பில் ஊறும் வேண்டாத பொருள்கள் நேரே குழாய்ச் சுவரில் இறங்கிப் புண்படுத்துகின்றன. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் என்று பல ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஒல்லியானவர்களும் தப்புவதில்லை. எக்கோவிலும் சி.டி. ஸ்கேனிலும் தெரிந்துவிடும்.

இன்னொரு தொல்லை பாஸ்பரஸ். பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாது; மெஷினும் முழுதாக எடுக்காது. அது தேங்கினால் ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்து, குழாய் விறைத்துப் போகிறது. அதற்குத்தான் சாப்பாட்டோடு விழுங்கும் மாத்திரை. சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஞாபகம் வந்து போட்டுப் பயனில்லை. கோலா பானங்களிலும் பாக்கெட் தீனிகளிலும் பாஸ்பரஸ் அதிகம்.

டயாலிசிஸ் நோயாளிகளின் உயிரைப் பறிப்பதில் முதல் இடம் இருதய நோய்க்கே. பலருக்கு நெஞ்சு வலிகூட வராது. மூச்சு வாங்கும், படி ஏறினால் தள்ளாடும். 'ரத்தம் குறைவு, அதுதான்' என்று நாமாக முடிவு கட்டக் கூடாது.

இந்தக் கொழுப்பைக் கரைக்கவென்று தனி மருந்து இன்னும் வரவில்லை. கரைப்பதாகச் சொல்லி ஸ்டேஷன் வாசலில் விற்கும் பொடியைத் தொடவே வேண்டாம். ஊறுகாய், கருவாடு, பீடி மூன்றையும் விட வேண்டும். இளநீர் நல்லது என்பது நமக்கு. இவர்களுக்கு அதில் உள்ள பொட்டாசியம் இருதயத்தையே நிறுத்திவிடக்கூடும்.

முக்கியமாக, டயாலிசிஸைத் தள்ளிப்போடக் கூடாது. அமெரிக்காவில் சுமார் 32 ஆயிரம் நோயாளிகளைக் கவனித்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. வாரத்தில் 2 நாள் இடைவெளி விழுகிறதே, அது முடிகிற நாளில்தான் சாவும் மாரடைப்பும் கூடுதல் என்று அதில் தெரிந்தது. 2 நாளுக்கே இப்படி! நம்மவர்களோ திருவிழா என்றால் ஒரு தடவையை விட்டுவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள்.

டயாலிசிஸுக்காகவோ சிறுநீரக மாற்று ஆபரேஷனுக்காகவோ பயணம் செய்பவருக்கும் துணைக்கு ஒருவருக்கும் ரயிலில் ஸ்லீப்பர் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் படிவம் வாங்கி வர வேண்டும். கொடைக்குப் போவதற்கு இது செல்லாது. அதைச் சொன்னதும் நெல்லைக்காரர் சிரித்துவிட்டார்.

முழுக் கட்டணம் கொடுத்தே டிக்கெட் எடுத்தார். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடித்து, சனிக்கிழமை வண்டி. திங்கட்கிழமைக்கு நெல்லை ஆஸ்பத்திரி ஒன்றில் போனில் பேசி இடம் பிடித்திருக்கிறார்.